எட்டாவது ஃபாரம்

முன்னூறு பிரதி போட்ட புத்தகம். நாலு வருஷம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இந்த ஒரு ஆள் மட்டும் அதை எதற்கு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும் படித்துத் தொலைத்தார்?

பைண்டருக்கு மீட்டர்காரர் மேல் இருந்த கோபம் இவ்வளவுதான். பதினோரு வருஷம் ஆகியும் அது ஆறவில்லை. தையல் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்போது அந்த முகம் வரும். பசை கட்டி தட்டினால் அதற்கும் அந்த ஆள்தான் காரணம். "என்ன, உங்க சிநேகிதரை நெனச்சுக்கிட்டீங்களா?" என்று மனைவி கேட்பாள். "சிநேகிதனா? அவனா?" என்று பைண்டர் எழுந்து கடை வாசல் வரை போய்த் திரும்பி வருவார். உட்கார்ந்துகொண்டு கோபப்பட அவருக்குத் தெரியாது. நடந்தாக வேண்டும்.

நடந்ததில் பாதியைத்தான் அவர் வீட்டில் சொல்லியிருந்தார். எவனோ ஒருத்தன் வந்து பொய்ப் புகார் சொன்னான், முதலாளி அதை நம்பி வேலையை விட்டு அனுப்பிவிட்டார் என்பது அந்தப் பாதி. மீதிப் பாதி இது.

அப்போது அவர் ஒரு சின்னப் பதிப்பகத்தில் பைண்டர். முன் அறையில் முதலாளி, நடு அறையில் அச்சு, பின் அறையில் இவர். ஆராய்ச்சிப் புத்தகங்களாகவே போடுவார்கள். படித்தவர்கள் பட்டம் வாங்க எழுதியதை அட்டை கட்டி விற்பார்கள். விற்பார்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பாதிக்கு மேல் மூட்டையாகவே கிடக்கும்.

ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும். அதை மடித்தால் ஒரு ஃபாரம். ஃபாரங்களை நீள மேஜையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் குவித்து வைத்துவிட்டு, மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே குவியலுக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு புத்தகம். முன்னூறு புத்தகத்துக்கு முன்னூறு சுற்று. கால் தேயும், ஆனால் மூளைக்கு வேலை கிடையாது. அதுதான் வினையாகப் போனது.

அந்தப் புத்தகத்தில் ஏழாவது ஃபாரம் முதல் தடவை மை மங்கி விழுந்தது. திரும்ப அடித்தார்கள். மங்கலான குவியலைக் கழிக்க வேண்டும். கழிக்காமல் மேஜையிலேயே ஏழுக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டாவது குவியல் ஜன்னலுக்குக் கீழே, பசை வாளிக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு ஃபாரத்தின் அடியிலும் பொடி எழுத்தில் எண் இருக்கும். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றைக்கு வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். கால் மேஜையைச் சுற்றியது, மனசு வீட்டைச் சுற்றியது. தைத்து, வெட்டி, அட்டை போட்டு, முன்னூறையும் அடுக்கிவிட்டுப் பசை வாளியைத் தூக்கினார். அடியில் எட்டாவது ஃபாரம், தொடாத மாதிரி உட்கார்ந்திருந்தது.

முன்னூறு புத்தகத்திலும் ஏழு இரண்டு தடவை இருந்தது. எட்டு ஒன்றில்கூட இல்லை.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். முன்னூறையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டியிருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. 'இதை எவன் படிக்கப் போறான்' என்று ஒரு நினைப்பு. எழுதின பெரியவரோ புத்தகம் வருவதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். அந்த வாரம் குடிநீர் அலுவலகத்துக்கு வீட்டு மீட்டர் அளவைக் குறிக்கிற புத்தகம் ஐம்பது கட்ட வேண்டியிருந்தது. வீணான தாள்களை மடித்தபடியே பசை தடவி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, அழுத்தி, அட்டைக்குக் கனம் சேர்ப்பது எல்லா பைண்டரும் செய்கிற காரியம். முன்னட்டைக்கு மூன்று தாள், பின்னட்டைக்கு மூன்று தாள். ஐம்பது புத்தகத்தில் எட்டாவது ஃபாரம் முன்னூறும் அடங்கிப் போனது. மேலே நீலத் துணி போர்த்தினார். அதோடு முடிந்தது என்று நினைத்தார்.

நாலு வருஷம் கழித்து ஒரு காலையில், முன் அறையில் ஓர் ஆள் வந்து நின்றார். ஒல்லி. ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு. கண்ணாடிக் கம்பிக்குப் பதிலாக ஒரு பக்கம் நூல். வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டரைக் குறித்துக்கொண்டு வரும் வேலை என்று சொன்னார். முதலாளி நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"இந்தப் புஸ்தகத்துல பதினாறு பக்கம் காணோம்."

"எந்தப் புத்தகம்?" முதலாளிக்கு அப்படி ஒன்று போட்டதே மறந்துவிட்டது. வாங்கிப் புரட்டினார். மூட்டையைப் பிரித்து இன்னொன்று எடுத்தார். அதிலும் அப்படியே. பத்தாவது பிரதியைப் புரட்டியபோது அவர் கழுத்து சிவந்துவிட்டது. "சார், உங்க பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"பணம் வேண்டாம். பக்கம் வேணும்."

பின் அறையிலிருந்து பைண்டரைக் கூப்பிட்டார்கள். எட்டாவது ஃபாரம் எங்கே? "எனக்குத் தெரியாதுங்க. மேஜையில வெச்சதைத்தான் எடுத்தேன்." நிஜமாகவே தெரியாதா? "என் மக மேல சத்தியமா தெரியாது." அந்த ஆள் கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு இவரைப் பார்த்தார். கோபமாக இல்லை, மீட்டர் முள்ளைப் பார்க்கிற மாதிரி. அவர் அக்குளில் நீலத் துணி அட்டை ஒன்று இருந்தது. எழுதித் தீர்ந்த மீட்டர் புத்தகத்தின் தாளை எல்லாம் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வெறும் அட்டையை வைத்துக்கொண்டு, அதற்குள் தான் படிக்கிற புத்தகத்தைச் செருகி, ரப்பர் பட்டை போட்டு வைத்திருந்தார். மழைக்கும் வியர்வைக்கும் பாதுகாப்பாம்.

பைண்டர் அந்த அட்டையைப் பார்த்தார். தன் கையால் போர்த்திய துணி. தன் கையால் மடித்த மூலை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதையை அவர் கேட்டிருக்கிறார். நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிக்கத்தான் முடியவில்லை.

வேலை போனது. மிச்சமிருந்த மூட்டைகளை முதலாளி காகிதக் கூழுக்கு அனுப்பிவிட்டார். கையெழுத்துப் பிரதி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சில வருஷத்தில் பதிப்பகமும் பூட்டிக்கொண்டது.

பைண்டர் கல்லூரிக்கு எதிரில் ஒரு சின்னக் கடை பிடித்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. மாணவர்களின் ஆய்வேடுகளுக்குக் கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்தில் தலைப்பு பதிப்பது வேலை. கடை போட்டு ரெண்டு மாதம்கூட ஆகவில்லை. கொல்லைப் பக்கம் படிக்குக் கீழே யாரோ குனிந்து மீட்டர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்ததும் அதே நூல் கட்டிய கண்ணாடி. அதே நீல அட்டை.

"அட, நீங்களா? இந்தத் தெரு இப்ப எனக்கு வந்திருக்கு" என்றார் மீட்டர்காரர். அளவைக் குறித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அந்தப் பதினாறு பக்கம் எங்கயாவது கண்ணுல பட்டுச்சா?"

"வெளிய போய்யா!"

"சரி. அடுத்த மாசம் வர்றேன்."

வந்தார். மாதா மாதம் வந்தார். வரவேண்டாம் என்று சொல்ல முடியாது, அரசாங்க வேலை. பைண்டர் திட்டுவார், அவர் கேட்டுக்கொள்வார். திட்டி முடித்ததும் கடை ஓரத்தில் அட்டையைத் தரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து கொள்வார். பதினாறு பக்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு பதினாறு பக்கத்தைப் பற்றிப் பேசுவார். பைண்டருக்கு உள்ளங்கால் அரிக்கும். எழுந்து மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்.

"எதுக்குய்யா இப்படிச் சுத்தறே? உக்காரு."

"நீ எந்திரி, நான் உக்கார்றேன்."

மனைவிக்கு இவர்கள் சண்டை ஒரு பொழுதுபோக்கு. "இந்தாங்கண்ணே டீ. குடிச்சுட்டு வாங்கிக் கட்டிக்கோங்க" என்று கொடுப்பாள். புருஷன் வேலையைக் கெடுத்த ஆளுக்கு டீயா என்று பைண்டர் கத்தினால், "வேலையைக் கெடுத்தவர் மாசம் ஒரு தடவையாவது வந்து விசாரிக்கிறாரு. வேலை குடுத்தவரு எட்டிப் பாத்தாரா?" என்பாள்.

அப்படி என்னதான் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பைண்டர் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லப்பட்டது. கடலுக்கு நடுவே ஒரு பாறை. பாறை மேல் ஒரு கலங்கரை விளக்கு. விளக்கை ஏற்றி அணைக்கும் காவலர் தினமும் குறிப்பு எழுத வேண்டும்: காற்று எப்படி, எந்தக் கப்பல் போனது, எண்ணெய் எவ்வளவு. அப்படி எழுதின நாற்பது வருஷக் குறிப்பேடுகளை ஓர் ஆள் உட்கார்ந்து படித்து ஆராய்ச்சி எழுதியிருக்கிறார். ஆறாவது ஃபாரத்தில் காவலருக்குப் பார்வை மங்குகிறது. ஏழாவதில் முழுசாகப் போய்விடுகிறது. வேலை போய்விடுமே என்று அவர் மனைவி விளக்கையும் ஏற்றி, குறிப்பையும் புருஷன் கையெழுத்து மாதிரியே எழுதுகிறாள். மூன்று வருஷம். பிறகு ஒரு நாள் மேலதிகாரியின் படகு பாறைக்கு வருகிறது. 'அவர் படியேறத் தொடங்கினார்' என்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் முடிகிறது.

"அப்புறம்?" என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"அப்புறம் மறுபடி மங்கலா தொண்ணூத்தி ஏழாம் பக்கம். அது முடிஞ்சா நூத்தி இருபத்தி ஒம்பது. 'புதிய காவலரின் கையெழுத்து சிறியது, ஆனால் தெளிவானது.' அவ்வளவுதான். அந்தம்மா என்ன ஆனாங்க? மாட்டிக்கிட்டாங்களா? துரத்திட்டாங்களா? மூணு நூலகத்துல பிரதி இருக்கு. மூணுலயும் பாத்துட்டேன். எல்லாத்துலயும் அந்த அதிகாரி படியேறிக்கிட்டேதான் இருக்கான். இறங்க மாட்டேங்கறான்."

"அய்யோ பாவம், எந்தக் கட்டைல போறவன் இப்படிக் கிழிச்சு வெச்சானோ" என்றாள் மனைவி. பைண்டர் மேஜையை இரண்டு சுற்று சுற்றினார்.

மீட்டர்காரர் படிக்கிறது எல்லாமே இப்படித்தான். கடையில் மேல் தட்டில் கிடப்பது, கல்லூரி வெளியிட்டுக் கல்லூரியே மறந்தது, ஏதோ ஒரு சிற்றூரில் நாலு வாத்தியார்கள் சேர்ந்து போட்டது. கடிகாரம் பழுது பார்த்தவர்களைப் பற்றி ஒன்று. மூன்று ஊர்களில் சாக்கடை எப்படி வந்தது என்று ஒன்று. அதை அவர் இரண்டு தடவை படித்தார். ஏழு வருஷம் எறும்பையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எழுதினது ஒன்று.

"எல்லாரும் படிக்கிறதைப் படிச்சா என்ன, வாய் கோணிக்குமா?" என்று பைண்டர் ஒரு நாள் கேட்டார்.

"அந்தப் புஸ்தகம் எல்லாம் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு 'வாங்க வாங்க'ன்னு கூப்பிடும். இது அப்படி இல்லய்யா. தட்டினா 'யாரு'ன்னு கேக்கும். 'மீட்டர் பாக்க வந்திருக்கேன்'னு நின்னுக்கிட்டே இருக்கணும். முதல் அறுபது பக்கம் வெறும் காத்துதான் வரும். அறுபத்தி ஒண்ணுல திடீர்னு குழாய் கொட்டும் பாரு! அது எனக்குன்னே அத்தனை நாள் உள்ள நின்ன தண்ணி." பிறகு ரகசியம் மாதிரி குனிந்து, "நூலகத்துல பின்பக்கம் தேதி குத்தற சீட்டு இருக்குமில்ல? அதுல ஒரு தேதிகூட இருக்காது. வாங்கின நாள்லேருந்து வாசப்படி தாண்டாத புஸ்தகம். நான்தான் முதல்ல வெளிய கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

முதலில் நன்றியுரையைத்தான் படிப்பாராம். ஒரு மனுஷி ஏழு வருஷம் எறும்பு பார்க்க எத்தனை பேர் சோறு போட்டார்கள், யார் சைக்கிள் இரவல் கொடுத்தார் என்று அதில்தான் தெரியுமாம். அப்புறம் அடிக்குறிப்பு. "மேல முழுக்கைச் சட்டையை மாட்டிக்கிட்டுப் பேசறவன் அடிக்குறிப்புல சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுப் பேசுவான்."

அந்தப் பேச்சு பைண்டருக்கு ஒட்டுண்ணி மாதிரி ஒட்டியது. பதினைந்து வயதிலிருந்து புத்தகம் தைக்கிறார், ஒன்றையும் படித்ததில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் சரி. இப்போது ஆய்வேடு கட்ட வந்தால், யாரும் பார்க்காதபோது நன்றியுரைப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகத் திருப்பிப் பார்ப்பார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். பக்க எண்ணை மூன்று தடவை சரிபார்ப்பார். அப்படியும் கட்டிக் கொடுத்த பிறகு ஏதோ ஒன்று உள்ளே குடையும். ஒரு தடவை மாணவி ஒருத்தியைத் தெருமுனை வரை துரத்திப் போய், "ஒரு நிமிஷம்மா" என்று வாங்கி, நாலாவது தடவை எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

சொல்லிவிடலாம் என்று எத்தனை மாதம் வாய் வரைக்கும் வந்திருக்கும்! 'யோவ், நீ உக்காந்திருக்கியே, அதுக்குள்ளதான்யா இருக்கு' என்று ஒரே ஒரு வரி. சொன்னால் மகள் மேல் செய்த சத்தியம் பொய் என்றாகும். பதினோரு வருஷமாக மனைவியிடம் சொன்ன கதையும் பொய் என்றாகும். மகள் நன்றாகத்தான் இருக்கிறாள், வளர்ந்து வேலைக்குப் போகிறாள். இருந்தாலும் அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் பைண்டர் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

இப்படி இருக்கையில் ஒரு மாதம் மீட்டர்காரர் வரவில்லை. வேறு ஒருத்தர் வந்தார், குறித்தார், போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமும் அவர்தான். பைண்டர் அவரை வாசலில் மறித்தார்.

"பழையவர் எங்கே?"

"அவரா? நெஞ்சுல சளி கட்டி மூச்சு விட முடியலையாம். படுத்துட்டாரு. இனிமே வர மாட்டாரு."

விட்டது சனி என்று இருக்கலாம். ஆனால் அன்றைக்கு இரண்டு ஆய்வேட்டைத் தலைகீழாகத் தைத்தார். பசையில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. மேஜையை எத்தனை சுற்று சுற்றினார் என்று அவருக்கே தெரியாது. "போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன். தரை தேயுது" என்றாள் மனைவி.

மீட்டர்காரர் தங்கை வீட்டில் இருந்தார். முன் அறையில் தங்கையின் தையல் மெஷின். உள் அறையில் நாலு பக்கமும் புத்தகம். கட்டிலின் ஒரு காலுக்கு முட்டுக்கொடுத்திருந்ததும் புத்தகம்தான். தங்கை ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்கதான் பைண்டரா அண்ணே? பதினோரு வருஷமா இந்த வீட்டுல உங்க பேர் அடிபடுது" என்றாள்.

"நல்லபடியாவா, கெட்டபடியாவா?"

"பதினாறு பக்கமா." பிறகு தணிந்த குரலில், "உங்க தெருவை அவரே கேட்டு வாங்கினாரு, தெரியுமா? வீட்டுக்குப் பக்கத்துத் தெருவைக் குடுத்தாங்க. வேண்டாம்னுட்டாரு" என்றாள்.

மீட்டர்காரர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆள்தான் மிச்சம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. மடியில் அந்த நீல அட்டை, அதன் மேல் டம்ளர்.

"வாய்யா... திட்டறதுக்கு... வீடு தேடி வந்துட்டியா?"

"ஆமா. மாசம் ரெண்டு பாக்கி இருக்கு."

அவர் சிரிக்கப் போய் இருமினார். இருமி அடங்கினதும், "டாக்டர் நாளை எண்ணிக்கச் சொல்லிட்டான். ஒண்ணும் குறை இல்ல. அந்த அதிகாரி மட்டும்... படியேறிக்கிட்டே இருக்கான். என்னோட சேத்து அவனும் மூச்சு வாங்கறான்யா" என்றார்.

பைண்டரால் அங்கே நிற்க முடியவில்லை. டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். "இந்த அட்டை மூலை பிஞ்சிருக்கு. சரி பண்ணிக் கொண்டாறேன்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் அதைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்தார்.

நீலத் துணியைக் கத்தியால் கீறி உரித்தார். பித்தளைத் தாம்பாளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அட்டை இரண்டையும் அமிழ்த்தினார். மாவுப் பசை, பதினைந்து வருஷம் ஆனாலும் தண்ணீருக்கு இளகும். மேஜையைச் சுற்றினார், வந்து தொட்டுப் பார்த்தார், இன்னும் சுற்றினார். ஓரம் நெகிழ்ந்ததும் நகத்தால் மெல்லப் பிரித்தார். ஆறு தாள். அட்டையை அளவுக்கு வெட்டும்போது ஓரத்து வெள்ளை மட்டும்தான் போயிருந்தது. இரண்டு தாள் கையோடு கிழிந்தது. நாலு முழுசாக வந்தது. கொடியில் கிளிப் போட்டு மாட்டினார்.

மனைவி பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரியாது.

"இதுதானா அந்தப் பதினாறு பக்கம்?"

பைண்டர் திரும்பவில்லை. "நான்தான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியாதா? பொய்ப் புகார்னு சொன்ன அன்னைக்கு, நாள் முழுக்கப் பிள்ளை தலையைத் தடவிக்கிட்டே இருந்தீங்க. நல்ல மனசோட இருக்கறவன் எதுக்குத் தடவறான்?" ஈரம் சொட்டிய இடத்தில் ஒரு துணியைப் போட்டாள். "கட்டைல போறவன்னு தெரிஞ்சேதான் திட்டினேன். சீக்கிரம் காயட்டும், விசிறி விடுங்க."

தாள் காய்கிற வரை அவரால் சும்மா இருக்க முடியவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். விரித்த தாளில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. நூற்றுப் பதிமூன்றுக்குப் பக்கத்தில் நூற்றிருபத்தெட்டு இருக்கும், பாதி தலைகீழாக இருக்கும். கழுத்தைத் திருப்பி, குனிந்து, கொடிக்கு அந்தப் பக்கம் போய், திரும்ப இந்தப் பக்கம் வந்து படித்தார். மறுநாள் மத்தியானம் வரை ஆனது. ஐம்பத்திரண்டு வயதில் அவர் முழுசாகப் படித்த முதல் பதினாறு பக்கம் அதுதான்.

சாயங்காலம் தாள்களோடும் ஊசி நூலோடும் போய்க் கட்டில் ஓரத்தில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். வாளி, குவியல், ஐம்பது மீட்டர் புத்தகம், சத்தியம். மீட்டர்காரர் நீல அட்டை இருந்த மடியைத் தடவினார்.

"அப்ப பதினோரு வருஷமா... நான் இதுமேலயா உக்காந்திருந்தேன்?"

"மழைக்குத் தலைல வேற வெச்சுக்கிட்டே."

"அடப்பாவி!" என்று கையை ஓங்கினார். ஓங்கின கை பாதியிலேயே தாளின் பக்கம் போனது. பைண்டர் நீட்டினார். அவர் தலையை ஆட்டினார். "உதிரித் தாளா படிக்க மாட்டேன். தெச்சுக் குடு. அது இருக்க வேண்டிய இடத்துல வெச்சு."

பைண்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, அவருடைய பிரதியைப் பிரித்து, மங்கலான ஏழாவது ஃபாரத்தை வெட்டி எடுத்துவிட்டு, எட்டை மடித்து அதன் இடத்தில் வைத்துத் தைத்தார். அடியில் எண்ணைப் பார்த்தார். ஏழு, எட்டு, ஒன்பது. மறுபடி பார்த்தார்.

மீட்டர்காரர் படித்தார். பைண்டர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். மேலதிகாரி எழுபத்திரண்டு படி ஏறி வருகிறார். நேற்றைய குறிப்பைப் படித்துக் காட்டச் சொல்கிறார். காவலர் ஏட்டைக் கையில் பிடித்து, மனைவி சொல்லிக் கொடுத்ததைக் கடகடவென்று ஒப்பிக்கிறார். ஏடு தலைகீழாக இருக்கிறது. அந்த இடத்துக்கு வந்திருப்பார் போலிருக்கிறது, கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. கடல் கொந்தளித்ததால் அதிகாரி மூன்று நாள் அங்கேயே தங்க நேர்கிறது. விளக்கு ஏறுவதையும் அணைவதையும் பார்க்கிறார். ஊருக்குத் திரும்பி உள்ளதை உள்ளபடி எழுதுகிறார்: காவலருக்குப் பார்வை இல்லை, ஓய்வு கொடுக்கலாம். மூன்று வருஷமாக விளக்கைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி, ஒரு நாளும் அணையவில்லை, அந்த அம்மாளையே காவலராக வைக்கலாம். இனி அவர் தன் சொந்தக் கையெழுத்திலேயே எழுதலாம்.

மீட்டர்காரர் நூற்றிருபத்தொன்பதைத் திருப்பினார். 'புதிய காவலரின் கையெழுத்து சிறியது, ஆனால் தெளிவானது.'

"அவதான்யா அது!" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் புதுக் காவலரைக் கண்டாலே... எனக்கு ஆகாது. அவளைத் துரத்திட்டு வந்து உக்காந்த ஆளுன்னு... பின்னாடி நூறு பக்கமும் திட்டிக்கிட்டே படிச்சேன். அவளையே பதினோரு வருஷம் திட்டியிருக்கேன்யா."

"நானும்தான் ஒரு ஆளைத் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார் பைண்டர். அதைச் சொல்லிவிட்டுப் பொறுக்காமல், "ஆனா அந்த அதிகாரியைப் பாரு! எவ்வளவு பக்குவமா நடந்துக்கிட்டான். உன்னை மாதிரி வந்து நின்னதும் போட்டுக் குடுக்கலை" என்றார்.

"அவ ஒரு நாள் விளக்கை அணைய விடலை. நீ?"

மெஷின் அறையில் தங்கை சிரிப்பது கேட்டது.

அதற்குப் பிறகு மீட்டர்காரர் ஒன்பது நாள் இருந்தார். அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார். பைண்டர் தினமும் போனார். திட்டுவதற்கு விஷயம் கிடைக்காமல் தடுமாறினார். எட்டாம் நாள், மீதி மூன்று தாளை அவர் சுருட்டி எடுத்து வைப்பதை மீட்டர்காரர் பார்த்தார்.

"மூணு இருக்கில்ல?"

"இருக்கு."

"நூலகமும் மூணு."

பைண்டருக்குப் புரிந்தது. புரிந்ததும் கால் தானாக ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்க ஆரம்பித்தது. "அங்க போய் நான் என்னன்னு சொல்றது? படிச்சவங்க இருக்கற இடம். பக்கம் எப்படிக் காணாமப் போச்சுன்னு கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க. வாளியிலிருந்து சொல்லு. அப்புறம் அங்கேயே தெச்சுக் குடுத்துட்டு வா." மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். விரலை மடக்கி அவரைக் கிட்டே வரச் சொன்னார். "நாற்காலியைக் காட்டுவாங்க. உக்காந்தா டீ வரும். டீ வந்தா வந்த விஷயம் ஆறிப் போயிடும். நின்னுக்கிட்டே சொல்லிடுய்யா."